விளிம்பு வரை ஊற்றிய தேநீர்

அன்று மேசையில் ஆறு பேர் இருந்தார்கள். வாசலைப் பார்த்தபடி, சுவரோரம் இருந்த மேலிடத்தில் பெண்ணின் தாய்மாமன் அப்லிமித். அவருக்கு வலப்பக்கம் மனைவி ஹுர்னிசா, இடப்பக்கம் பெண்ணின் அம்மா ருகியெம். அவர்களுக்கு எதிரே, வாசலுக்கு முதுகு காட்டி, பையனின் அப்பா ஹெலில். அவர் பக்கத்தில் மனைவி பாதெம். மேசையின் கடைசி ஓரத்தில், எது வந்தாலும் முதலில் கை எட்டுகிற மாதிரி, ஹெலிலின் தம்பி இமின். கல்யாணம் செய்துகொள்ளப் போகிற மாஹிரெயும் யால்குனும் வரவில்லை. சம்பந்தத்தை உறுதி செய்கிற 'சின்னத் தேநீரு'க்கு உய்குர் வீடுகளில் பெண்ணும் பையனும் வருகிற வழக்கம் கிடையாது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து, சரி என்று தலையசைத்தால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

முறைப்படி இது பெண் வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் ஹுர்னிசாவின் கண்ணை டாக்டரிடம் காட்ட, தங்கை ருகியெமையும் கூட்டிக்கொண்டு அப்லிமித் ஜார்கென்டிலிருந்து ஹெலில் இருக்கும் அல்மாத்திக்கு வந்திருந்தார். பெண்ணுக்கு அப்பா இல்லை. மாமன் சொல்தான் அந்த வீட்டில் கடைசிச் சொல். வந்தவரை விட்டுவிடக் கூடாது என்று ஹெலில் அவசரப்பட்டார்.

"நம்ம வீட்டுலயே வெச்சுக்கலாங்க. மாவு பிசையறதுக்கு எனக்கு யாராவது சொல்லித் தரணுமா?" என்றாள் பாதெம். அந்த மஹல்லாவின் தெருக்களில், லக்மனுக்குக் கையால் நூடுல்ஸ் இழுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரே உருண்டை மாவை எட்டாக மடித்து மேசையில் அறைந்தாள் என்றால் அந்தச் சத்தத்தை வைத்தே அடுத்த வீட்டுக்காரி மணி பார்த்துக்கொள்வாள்.

"பதிவாளரா இருந்த மனுஷன் வர்றார். அவரைக் கொண்டுவந்து நம்ம சமையல்கட்டுல உட்கார வைக்கச் சொல்றியா?" என்றார் ஹெலில். பஸ் டிப்போவில் இருபத்தெட்டு வருஷம் நேரக்குறிப்பாளராக இருந்தவர் அவர். ஒரு காரியத்தை எடுத்தால் பட்டியல் போட்டுத்தான் எடுப்பார். 'ஒன்பது ஒட்டகம்' என்று புதிதாகத் திறந்திருந்த உணவகத்தை வெளியே நின்று மூன்று முறை பார்த்துவிட்டு வந்தார். வாசலில் பித்தளைக் குடம், உள்ளே சுவரில் கம்பளம், பலகையில் 'அசல் உய்குர் சமையல்'. உள்ளே போய் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று மட்டும் அவர் பட்டியலில் இல்லை.

அப்லிமித்துக்கு ஃபோன் போட்டு, "உங்க ஊர்லகூட இப்படி ஒரு லக்மன் கிடைக்காது அண்ணே" என்று வேறு சொல்லி வைத்தார்.

சனிக்கிழமை மதியம் ஒரு மணி. உட்கார்ந்து இருபது நிமிஷம் ஆகியும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பாட்டு முழங்கிக்கொண்டிருந்தது. அப்லிமித் சுவர்க் கம்பளத்தில் இருந்த ஒட்டகங்களை எண்ணினார்.

"எட்டுதான் இருக்கு" என்றார்.

"ஒன்பதாவது சமையல்கட்டுல இருக்கும் அண்ணே" என்றான் இமின். ருகியெம் சிரித்துவிட்டாள். ஹெலிலுக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

பிறகு பரிசாரகப் பெண் வந்தாள். மஞ்சள் முடி, கன்னத்தில் குழி, மார்பில் 'லூபா' என்று பெயர் அட்டை. தலையில் அவசரத்துக்குக் கவிழ்த்த மாதிரி ஒரு உய்குர் தொப்பி. அதுவும் ஆண்கள் போடுகிற தொப்பி. ஒரு கூடையை வைத்தாள். கூடைக்குள் ரொட்டி, கத்தியால் சீராக நறுக்கி, விரல் விரலாக.

பாதெம் கூடையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். ரொட்டியில் கத்தி படுவதா? அந்த மேசையில் இருந்த ஆறு பேரில் ஒருவர் வீட்டிலும் நடக்காத காரியம். சம்பந்தம் பேச வந்த இடத்தில் முழு ரொட்டியைப் பெரியவர் கையால் பிய்த்து ஆளுக்கொரு துண்டு கொடுக்க வேண்டும். அப்லிமித் பிய்ப்பதற்காக நீட்டிய கையை அப்படியே திருப்பி மீசையைத் தடவிக்கொண்டார்.

"பட்டணத்துப் பழக்கம்" என்றார் ஹெலில்.

"அப்படியா" என்றார் அப்லிமித்.

லூபா பெரிய கெண்டியோடு மறுபடி வந்தாள். நேராக அப்லிமித்திடம் போனாள். பல் தெரியச் சிரித்தாள். கிண்ணத்தில் தேநீரை ஊற்றினாள், ஊற்றினாள், இன்னும் ஊற்றினாள். விளிம்பில் தேநீர் தளும்பி நின்றது.

விருந்தாளிக்குக் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவது. சீக்கிரம் தீரும், மறுபடி ஊற்றலாம், மறுபடி ஊற்ற ஊற்றப் பேச்சு வளரும். 'நீங்க எங்ககூட இன்னும் இருக்கணும்' என்பதை வாயால் சொல்லாமல் கிண்ணத்தால் சொல்வது அது. விளிம்பு வரை ஊற்றினால் வேறு பேச்சு: 'இதைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க.'

அப்லிமித்தின் ஒரு புருவம் உயர்ந்தது. அதை ஹெலில் பார்த்தார். தொண்டை வரைக்கும் வார்த்தை வந்தது. ஆனால், தான் தேர்ந்தெடுத்த இடம், தான் புகழ்ந்த இடம். எல்லார் முன்னாலும் அந்தப் பெண்ணைத் திருத்தினால் புகழ்ந்தவர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? 'ஒரு தடவைதானே, தெரியாமல் ஊற்றியிருப்பாள்' என்று விட்டுவிட்டார்.

அப்லிமித் குடித்தார். கிண்ணம் கீழே இறங்கியதும் லூபா ஓடி வந்தாள். மறுபடி விளிம்பு வரை.

பாதெம் மேசைக்கடியில் ஹெலிலின் காலை மிதித்தாள். ஹெலில் காலை உள்ளே இழுத்துக்கொண்டு, "இந்த வருஷம் ஜார்கென்ட்ல மக்காச்சோளம் எப்படி அண்ணே?" என்று கேட்டார்.

"நிக்குது" என்றார் அப்லிமித். இரண்டாவது கிண்ணத்தை ஒரே மூச்சில் குடித்தார். கீழே வைத்தார். லூபாவுக்கு மகா சந்தோஷம். மூன்றாவது தடவை ஊற்றியபோது தட்டில் வழிந்து மேசைவிரிப்பும் நனைந்தது.

அப்லிமித் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார்.

"ஐயோ, வேண்டாம்" என்று பாதெம் உதட்டுக்குள் சொன்னது ஹெலிலுக்கு மட்டும் கேட்டது.

அப்லிமித் துவா சொல்லி முகத்தை மேலிருந்து கீழாகத் தடவி, ஆமீன் என்றார். ஹுர்னிசாவும் ருகியெமும் தடவினார்கள். வேறு வழியில்லாமல் ஹெலிலும் தடவினார். துவா ஆன பிறகு மேசையில் எவரும் உட்காரக் கூடாது, ஒரு பருக்கைகூட வாயில் வைக்கக் கூடாது. ஆறு பேரும் எழுந்தார்கள்.

சரியாக அந்த நேரத்தில்தான் ஆறு தட்டு லக்மன் வந்தது. ஆறின் மேலும் துருவிய பாலாடைக்கட்டி, பனி பெய்த மாதிரி.

"எங்க போறீங்க? சாப்பாடு வந்துடுச்சே!" என்றாள் லூபா.

"நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டு அப்லிமித் வெளியே நடந்தார்.

பொட்டலம் கட்டிய ஆறு லக்மனும் ஹெலிலின் வீட்டுச் சமையல்கட்டுக்கு வந்து சேர்ந்தன. துவா சொன்னது அந்த மேசைக்கு, இது வேறு மேசை என்று சட்டம் பேசி, இமின் ஒரு பொட்டலத்தைப் பிரித்தான். ஒரு நூடுல்ஸை முள்கரண்டியால் தூக்கினான். சாண் நீளம் வந்து அறுந்தது.

"அண்ணி, இது இழுத்த மாவு இல்ல. கடையில பாக்கெட்ல வாங்கினது."

"பார்த்ததுமே தெரியலையா உனக்கு?"

"குழம்புல சர்க்கரை இருக்கு."

"அப்போ திங்காத."

"சும்மா சோதிக்கிறேன்" என்று அடுத்த பொட்டலத்தையும் பிரித்தான் இமின்.

பாதெம் புருஷன் பக்கம் திரும்பினாள். "மூணு தடவை வெளியில நின்னு பார்த்தீங்களே, பித்தளைக் குடத்தையா கல்யாணம் பண்ணி வைக்கப் போறீங்க?"

ஹெலில் இமின் பிரித்த பொட்டலத்தை எடுத்து மறுபடி மூடினார்.

ஞாயிறு போனது, திங்கள் போனது, பெண் வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. செவ்வாய்க்கிழமை யால்குன் வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நின்றான். தண்ணீர்க் குழாய் இலாகாவில் பொறியாளன். எதற்கும் பதறாத பையன். அன்று முகம் வெளுத்திருந்தது.

"மாஹிரெ ஃபோன் பண்ணினா."

"என்ன சொன்னா?"

"'அவங்க கிண்ணத்தாலயே பதில் சொல்லிட்டாங்க'ன்னு மாமா சொல்றாராம். ஒரு தடவை ஊத்தினா தெரியாம நடந்தது, மூணு தடவை ஊத்தினா தெரிஞ்சு சொன்னதுங்கிறாராம். பெண்ணைப் பிடிக்கலைன்னா நேர்ல சொல்லியிருக்கலாமே, எதுக்கு நம்மள உணவகம் வரைக்கும் இழுத்தாங்கன்னு கேக்குறாராம்." யால்குன் மூச்சு வாங்கினான். "வர்ற ஞாயித்துக்கிழமை சுன்ஜாவிலேர்ந்து வேற வீட்டுக்காரங்க தேநீருக்கு வர்றாங்களாம் அப்பா."

பாதெம் அப்போதே ருகியெமுக்கு ஃபோன் போட்டாள். இரண்டு பெண்களும் ஒரு மணி நேரம் பேசினார்கள். அதில் முக்கால் மணி இருவரும் ஒரே சமயத்தில். ருகியெமுக்கு நடந்தது புரிந்திருந்தது. பையனையும் பிடித்திருந்தது. ஆனால்—

"அண்ணன் மனசு அப்படி பாதெம். முப்பது வருஷம் பிறப்பு, இறப்பு, கல்யாணம்னு பதிவு பண்ணின மனுஷன். ஃபோன்ல சொன்னா காத்துல போச்சும்பார். காகிதத்துல இருந்தாத்தான் நடந்ததும்பார். எழுதி அனுப்பச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள வரணும்."

"ரொம்பக் கோவமா இருக்காரா?"

"பாதிதான் கோவம். மீதி பசி. அன்னிக்கு ஊருக்குத் திரும்பி வர்ற வழியில வண்டிய நிறுத்தி நாலு சம்சா நின்னுக்கிட்டே தின்னார். 'ஹெலில் சொன்ன லக்மனை விட இது தேவலை'ன்னு சம்சாக்காரன்கிட்டயே சொன்னார்."

கடிதம் எழுதுவது என்றால் ஹெலிலுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. புதன்கிழமை காலையிலேயே மேசையைத் துடைத்து, கோடு போட்ட காகிதமும் இரண்டு பேனாவும் எடுத்து வைத்து உட்கார்ந்தார். மதியத்துக்குள் மூன்று பக்கம் ஆகிவிட்டது. குற்றங்களுக்கு எண் போட்டிருந்தார். ஒன்று: இருபது நிமிடக் காத்திருப்பு. இரண்டு: வெளிநாட்டுப் பாட்டு. மூன்று: ஒட்டகம் ஒன்று குறைவு. நான்கு: கத்தி பட்ட ரொட்டி. இப்படியே பதினேழு வரை. பதினான்காவது, பாலாடைக்கட்டி, அதற்கு மட்டும் அரைப் பக்கம்.

பாதெம் கையில் மாவோடு நின்றபடி படித்தாள்.

"இது யாருக்கு எழுதினது?"

"அப்லிமித் அண்ணனுக்கு."

"அவர் பேரு மேல இருக்கு. உள்ள முழுக்க நூடுல்ஸுக்கு எழுதியிருக்கீங்க."

"தப்பு அவங்களோடதுன்னு தெரியணும் இல்ல? அந்தக் கடைக்காரன்கிட்ட ஒரு கையெழுத்தும் வாங்கிச் சேர்த்தா அண்ணன் மறுபேச்சு பேச மாட்டார்."

"போய் வாங்குங்க" என்றாள் பாதெம். அவள் சொன்ன விதத்தில் 'வாங்கிக் கட்டிக்கோங்க' என்றும் கேட்டது.

வியாழக்கிழமை மதியம் ஹெலில் 'ஒன்பது ஒட்டக'த்துக்குப் போனார். மேலாளர் இளைஞர், மூன்று பக்கத்தையும் கையில் வாங்காமல் தூரத்திலிருந்தே பார்த்தார்.

"ஐயா, பாலாடைக்கட்டிக்கு நாங்க தனியா காசு போடறதில்லையே."

"காசு கேக்கலை தம்பி. இது உய்குர் சமையல் இல்லைன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"கையெழுத்தா? புகார்ப் புத்தகம் ஆணியில தொங்குது. எவ்வளவு வேணும்னாலும் எழுதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஹெலில் புத்தகத்தைப் பிரித்தார். அவருக்கு முன்னால் நாலு உய்குர்கள் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் ஒரே வரிதான்: 'என் மாமியார் சமையலையே இனிமேல் குறை சொல்ல மாட்டேன்.'

சிரிப்பு வந்தது ஹெலிலுக்கு. அந்தச் சிரிப்போடு வெளியே வந்தபோது, பின்கட்டுப் படியில் லூபா உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள். பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"சனிக்கிழமை வந்தவங்கதானே நீங்க? அந்த மீசைக்கார ஐயா நல்லா இருக்காரா? திடீர்னு எழுந்து போயிட்டாரே. உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நீ ஊத்தின தேநீருதான்."

"சூடு போதலையா?"

ஹெலில் விளக்கினார். பாதிக் கிண்ணம் என்றால் என்ன, முழுக் கிண்ணம் என்றால் என்ன என்று. லூபாவின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. கையில் ஆப்பிள் அப்படியே நின்றது.

"அய்யய்யோ. நான் வடக்குங்க, பெத்ரோபாவ்ல் பக்கம். எங்க வீட்டுல பாதியில நிறுத்தினா கஞ்சம்னு அப்பா திட்டுவார். அந்த ஐயா எங்க அப்பா மாதிரியே மீசை வெச்சிருந்தார். அதனாலதான் அவருக்கு மட்டும் ரொப்பி ரொப்பி ஊத்தினேன். மூணாவது தடவை வழிஞ்சதே, அது வேணும்னுதான்! எங்க ஊர்ல அதுதான் மரியாதை." கண் கலங்கிவிட்டது. "வந்து ரெண்டு வாரம்தான் ஆகுது. தொப்பி எப்படிப் போடறதுன்னுகூட யாரும் சொல்லித் தரலை."

"அது ஆம்பளைங்க தொப்பிம்மா."

"பார்த்தீங்களா!" என்றாள் லூபா. பிறகு சட்டென்று கேட்டாள்: "நீங்க எதிர்லயே உட்கார்ந்திருந்தீங்களே ஐயா. நான் மூணு தடவை ஊத்தினதையும் பார்த்தீங்க. 'பாதி ஊத்தும்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?"

அவள் குற்றம் சொல்லவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். அதனால்தான் ஹெலிலுக்கு அது நேராக உள்ளே போய் இறங்கியது. பதினேழு குற்றம் எழுதி வைத்திருந்தார். பதினெட்டாவதை, ஆப்பிளோடு நின்றவள் எடுத்துக் கொடுத்தாள். விருந்துக்கு அழைத்தவர் அவர். கெண்டி யார் கையில் இருக்க வேண்டும்? முதல் கிண்ணத்திலேயே அவருக்குத் தெரியும். இரண்டாவதில் பாதெம் காலையும் மிதித்தாள். பித்தளைக் குடத்தின் மானத்தைக் காப்பாற்றுவதற்காகப் பையனின் கல்யாணத்தைத் தளும்ப விட்டவர் அவரேதான்.

"நீ சொல்றது சரிதாம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து மூன்று பக்கத்தையும் கிழித்தார். "பாலாடைக்கட்டி நல்லா எழுதியிருந்தீங்க அண்ணே, அதை மட்டும் எனக்குக் கொடுங்க" என்று இமின் அந்த அரைப் பக்கத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஹெலில் புதுக் காகிதத்தின் முன்னால் உட்கார்ந்தார். மூன்று பக்கம் ஒரு காலைப்பொழுதில் வந்தது; இந்தப் புதுக் கடிதத்தின் அரைப் பக்கத்துக்கு வெள்ளிக்கிழமை விடிந்து பத்து மணி வரை ஆனது.

'மதிப்புக்குரிய அப்லிமித் அண்ணன் அவர்களுக்கு, ஹெலில் எழுதுவது. வீட்டில் அனைவரும் நலம். ஹுர்னிசா அக்காவின் கண் தேறி வருகிறதா? சனிக்கிழமை நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். தேநீர் ஊற்றிய பெண் வடக்கிலிருந்து வந்தவள். நம் வழக்கம் அவளுக்குத் தெரியாது. உங்களைப் பார்த்தால் தன் அப்பாவைப் போல இருந்ததாம். அந்தப் பிரியத்தில் நிறைய ஊற்றினாளாம். அவள்மேல் குற்றமில்லை. முதல் கிண்ணம் நிறைந்ததை நான் பார்த்தேன். அது தவறு என்று எனக்குத் தெரியும். அந்த உணவகத்தைப் பற்றி உங்களிடம் பெருமை பேசியிருந்ததால், வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் அப்படியே. கெண்டியை நான் கையில் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. இதில் எங்கள் பையனுக்கோ பாதெமுக்கோ பங்கில்லை. மாஹிரெயை மருமகளாக அடைய எங்களுக்குத் தகுதி உண்டா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவளை வேண்டாம் என்று இந்த வீட்டில் ஒருவரும் நினைக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ரொட்டியை நீங்கள் பிய்க்க வேண்டும். தேநீரை நான் ஊற்றுவேன்.'

பாதெம் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள்.

"இப்பத்தான் அவருக்கு எழுதியிருக்கீங்க" என்றாள்.

பேனாவை வாங்கி, கடைசியில் இடம் பார்த்து அவளும் ஒரு வரி சேர்த்தாள்: 'அண்ணே, மாவு காலையிலேயே பிசைந்து வைக்க வேண்டும். எத்தனை பேர் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். இமினை நான் ரெண்டு பேராகக் கணக்கு வைத்துக்கொள்கிறேன்.'

ஹெலில் கையெழுத்தும் தேதியும் போட்டார். பதிவாளருக்குத் தேதி இல்லாத காகிதம் காகிதமே இல்லை. மூன்றாக மடித்து உறையில் வைத்தார். ஓரத்தை நாக்கால் நனைக்கப் போனவர் நிறுத்தி, மறுபடி எடுத்துப் படித்தார். 'தகுதி உண்டா' என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கினார்.

"போதுங்க. ஜார்கென்ட் கார் ஓட்டுற குர்பான் பன்னண்டு மணிக்குக் கிளம்பிடுவான்" என்றாள் பாதெம்.

ஒட்டினார். கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தித் தேய்த்தார். யால்குன் அலுவலகத்தில் அரை நாள் சொல்லிவிட்டு வந்திருந்தான். அப்பாவைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு விட்டான். ஜார்கென்ட் போகிற வாடகைக் காரில் மூன்று பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஓட்டுநர் குர்பான் நாலாவது ஆளுக்காகக் கூவிக்கொண்டிருந்தான்.

"பெரியப்பா, ஆளா, சாமானா?"

"காகிதம். அப்லிமித் அண்ணன் கையில கொடுக்கணும். அவர் கையிலயே. தோட்டத்துல இருந்தா தோட்டத்துக்கே போய்க் கொடு."

"அவசரமோ?"

"என் பையன் கல்யாணம் உள்ள இருக்கு."

குர்பான் உறையை வாங்கி எடை பார்க்கிற மாதிரி கையில் ஏந்தினான். "கல்யாணம் ரொம்ப லேசா இருக்கே" என்று சொல்லி, காரின் முன்கண்ணாடிக்கு மேலிருந்த மடிப்பில் செருகினான். நாலாவது ஆள் ஓடி வந்து ஏறினார். கதவைச் சாத்தி, கையை ஒரு தடவை வெளியே ஆட்டிவிட்டு, குர்பான் கிழக்கே போகிற சாலையில் வண்டியைத் திருப்பினான்.